டெட்ரிஸ் எஃபெக்ட் கனெக்டட்: அணைத்த பிறகும் விழுந்துகொண்டிருக்கும் கட்டைகள்

டெட்ரிஸை ஒரு மணி நேரம் விடாமல் ஆடிவிட்டுக் கண்ணை மூடினால், இருட்டில் கட்டைகள் இறங்கும். மறுநாள் மளிகைக் கடைக்குப் போனால், சோப்புப் பெட்டி அடுக்கிய தட்டில் தெரியும் இடைவெளிக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று மனசு தானாகவே கணக்குப் போடும். பேவர் பிளாக் பதித்த நடைபாதை, அடுக்குமாடிக் கட்டடத்தின் ஜன்னல் வரிசை, டெம்போவில் ஏற்றிய அட்டைப்பெட்டிகள் என்று கண்ணில் படுவதெல்லாம் பலகையாக மாறிவிடும். ஜெஃப்ரி கோல்ட்ஸ்மித் 1994-இல் வயர்ட் இதழில் எழுதிய கட்டுரையில் இதை ‘டெட்ரிஸ் எஃபெக்ட்’ என்று குறிப்பிட்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

24 ஆண்டுகள் கழித்து, அதே பெயரைத் தலைப்பாக வைத்து ஒரு கேமே வந்தது. ரெஸ், லூமினெஸ் ஆகிய இசை சார்ந்த கேம்களைச் செய்த டெட்சுயா மிசுகுச்சியின் என்ஹான்ஸ் நிறுவனம் 2018 நவம்பர் 9-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு இதை வெளியிட்டது. பலர் சேர்ந்து ஆடும் முறைகளைச் சேர்த்து, ‘கனெக்டட்’ என்ற பெயரில் 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. 2021-இல் ஸ்டீம், நின்டெண்டோ ஸ்விட்ச், 2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 என்று பரவியது. தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர்) கருவியான மெட்டா குவெஸ்ட் ஹெட்செட்டிலும் ஆடலாம்.

இதைப் பற்றி வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை திரையில் நடப்பதைத்தான் பேசுகின்றன. அழகு, இசை, அதிர்வு எல்லாவற்றுக்கும் அவை கொடுத்த பாராட்டு சரிதான். ஆனால் இந்த கேமை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சாதாரண டெட்ரிஸ் கண் வழியாக மட்டும் வீட்டுக்குள் வரும். இது கண், காது, கை மூன்றின் வழியாகவும் வரும். அணைத்த பிறகு எது எவ்வளவு நேரம் தங்கும் என்பது நீங்கள் எந்த முறையில், எந்த வேளையில், எந்தக் கருவியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பலகையும் கட்டையும்

அடிப்படை மாறவில்லை. விழும் கட்டைகளை அடுக்கி ஒரு வரியை முழுசாக நிரப்பினால் அந்த வரி அழியும். அகலம் 10 கட்டம், உயரம் 20 கட்டம், ஏழு வடிவங்கள். தொண்ணூறுகளில் திருவிழாக் கடைகளிலும் பொருட்காட்சியிலும் விற்ற ‘9999 இன் 1’ பிரிக் கேமில் இருந்ததும் இதே 10-க்கு 20 பலகைதான். அதில் கை பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே இது பிடிபட்டுவிடும். பிறகு இரண்டு வித்தியாசங்கள் கண்ணில் படும்.

முதலாவது, கட்டைகள் வரும் ஒழுங்கு. பழைய பிரிக் கேமில் நான்கு கட்டம் நேராக நீளும் நீளக் குச்சிக்காகக் காத்திருந்து காத்திருந்தே ஆட்டம் முடிந்துவிடும். இன்றைய டெட்ரிஸ்களில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியாகும் வரை ஒவ்வொன்றாக எடுப்பார்கள்; பிறகு அடுத்த பை. அதனால் இரண்டு நீளக் குச்சிகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். இது தெரிந்தவர் வலது ஓரத்தில் ஒரு கட்டம் அகலத்துக்குக் கிணறு விட்டு, மீதி ஒன்பது கட்டத்தையும் நிதானமாக நிரப்பலாம். குச்சி வந்தே தீரும்.

இரண்டாவது, திட்டமிட வசதி. கட்டை எங்கே போய் விழும் என்று நிழல் காட்டும். அடுத்து வரப்போகும் கட்டைகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். இப்போது வேண்டாத கட்டையைத் தோள் பட்டனை அழுத்தி ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். இதனால் ஆட்டம் சுலபமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மனசுக்கு வேலை கூடுகிறது என்பதே உண்மை. பிரிக் கேமில் கையில் இருக்கும் கட்டையை யோசித்தால் போதும். இங்கே கையில் இருப்பது, ஒதுக்கி வைத்தது, வரப்போவது என்று ஐந்தாறு வடிவங்களை ஒரே நேரத்தில் மனசுக்குள் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். கேம் அணைந்த பிறகும் அந்தச் சுழற்சிதான் ஓயாமல் இருக்கிறது.

காதில் தங்குவது

இந்த கேமின் நடுநாயகம் ‘ஜர்னி’ முறை. கடலடி, பாலைவனம், நகரம், விண்வெளி என்று 30-க்கும் மேற்பட்ட நிலைகள். பெரும்பாலான நிலைகளில் 36 வரிகள் அழித்தால் அடுத்ததற்குப் போகலாம். கட்டையை நகர்த்தினால் ஒரு ஒலி, திருப்பினால் ஒரு ஒலி, விழவைத்தால் ஒரு ஒலி. அந்த ஒலிகள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சுருதிக்கும் தாளத்துக்கும் பொருந்தி வருகின்றன. கை வேகமாக ஓடினால் பாட்டு நிறையும், நிதானித்தால் மெலியும். அதாவது பாட்டைக் கேட்டுக்கொண்டே ஆடுவதில்லை, பாட்டுக்குள் கஞ்சிரா அடித்துக்கொண்டு ஆடுகிறோம்.

வேகமும் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஒரு நிலையின் நடுவில் பாட்டு எழும்போது கட்டைகள் திடீரென்று விரைந்து விழும். பாட்டு தணியும்போது அவையும் தணியும். பழகாதவர் இங்கேதான் தடுமாறுவார். வேகம் ஏறப்போகிறது என்பதைப் பாட்டு முன்பே சொல்லிவிடுகிறது. கண்ணை மட்டும் நம்பி ஆடுகிறவர் தோற்பதும், காதையும் கொடுத்தவர் தாண்டுவதும் அதனால்தான். பலகையின் உச்சியைத் தொட்டு ஆட்டம் முடிந்துபோகிறவர்கள், பாட்டு தணியும் பகுதியில் அடுக்கை ஐந்து வரிக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டால் அடுத்த எழுச்சியைச் சமாளிக்கலாம்.

கை செய்த ஒன்று காதில் இசையாகத் திரும்பி வந்தால் அது ஆழமாகப் பதியும். வீடியோ கேம்கள் அன்றாட வாழ்க்கைக்குள் கசிவதைப் பற்றி நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஆஞ்சலிகா ஓர்டிஸ் தெ கோர்தாரி, இதற்கு ‘கேம் டிரான்ஸ்ஃபர் ஃபினாமினா’ என்று பெயரிட்டார். 2011-இல் வந்த அவருடைய முதல் ஆய்வு 15 முதல் 21 வயது வரையான 42 பேரிடம் எடுத்த நேர்காணல். அதன் தொடர்ச்சியாக அவர் வகைப்படுத்தியவற்றில் கண்ணில் தெரிவது மட்டும் இல்லை. காதில் கேட்பது, உடம்பில் உணர்வது, யோசிக்காமல் கை பட்டனைத் தேடுவது எல்லாமே உண்டு. டெட்ரிஸ் எஃபெக்ட் இந்த எல்லா வகைகளுக்கும் தீனி போடுகிறது. கன்ட்ரோலர் உள்ளங்கையில் தாளத்தோடு அதிரும். பிளேஸ்டேஷன் விஆர் 2-இல் தலையில் மாட்டிய ஹெட்செட்டும் சேர்ந்து அதிரும்.

ஸோன்

கன்ட்ரோலரின் பின்பக்க டிரிகரை அழுத்தினால் ‘ஸோன்’ தொடங்கி, நேரம் நின்றுவிடும். கட்டை தானாக விழாது. நீங்கள் இறக்கும்போதுதான் இறங்கும். நிரம்பிய வரிகள் மறையாமல் அடியில் சேர்ந்துகொண்டே வரும். ஸோனுக்கான நேரம் தீர்ந்ததும் மொத்தமும் ஒன்றாக வெடித்து மறையும். சாதாரண டெட்ரிஸில் ஒரே அடியில் நான்கு வரிதான் உச்சம். இங்கே எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று போகலாம். ஸோன் நேரத்தைக் காட்டும் மீட்டர் முழுசாக நிரம்பிய பிறகு ஸோனைத் தொடங்குவதுதான் லாபம். பாதியில் தொடங்கினால் கிடைக்கும் நேரமும் பாதியாகிவிடும். ஆபத்தில் தப்பிக்க மட்டும் அப்படிச் செய்யலாம்.

ஸோனுக்குள் நுழையும்போது அடுக்கில் ஓட்டை இருக்கக் கூடாது. பலர் உச்சிக்கு வந்து மூச்சுத் திணறும்போது டிரிகரை அழுத்துகிறார்கள். அப்போது கிடைத்த நேரமெல்லாம் ஓட்டையைத் தோண்டி எடுப்பதிலேயே போய்விடும். ஓரத்தில் கிணறு விட்ட, ஓட்டையில்லாத ஏழெட்டு வரி அடுக்கோடு, கையில் ஒரு நீளக் குச்சி ஒதுக்கி வைத்து நுழைந்தால், தொடங்கிய உடனே நான்கு வரி கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் விஆர் 2 பதிப்பில் கண்ணசைவைக் கவனிக்கும் வசதி இருப்பதால், அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஒரு கணம் இரண்டு கண்ணையும் மூடித் திறந்து ஸோனுக்குள் போகலாம். கண்ணை மூடினால் கட்டை தெரியும் என்பதையே பேராக வைத்துக்கொண்ட கேமுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டன் வேறில்லை.

ஏன் தங்குகிறது

டெட்ரிஸ் மனதில் ஏன் இப்படி ஒட்டுகிறது என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழு 2000-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. 27 பேர் மூன்று நாட்களில் மொத்தம் ஏழு மணி நேரம் டெட்ரிஸ் ஆடினார்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும் வேளையில் அவர்களை எழுப்பி, என்ன தெரிந்தது என்று கேட்டார்கள். புதிதாகக் கற்றுக்கொண்ட 12 பேரில் 9 பேருக்கும், ஏற்கெனவே தேர்ந்த 10 பேரில் 5 பேருக்கும் கட்டைகள் விழுவது தெரிந்திருந்தது. மீதி ஐந்து பேர் மூளையில் பாதிப்பால் புதிய நினைவுகள் தங்காதவர்கள். டெட்ரிஸ் ஆடியதே அவர்களுக்கு நினைவில் இல்லை. அவர்களிலும் மூன்று பேர், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே, விழும் வடிவங்களைச் சொன்னார்கள்.

இந்தக் கணக்கில் வாங்குகிறவருக்குப் பயன்படும் சேதி ஒன்று இருக்கிறது. கைதேர்ந்தவரைவிடக் கற்றுக்கொள்கிறவருக்குத்தான் கசிவு அதிகம். ரிச்சர்ட் ஹையர் 1992-இல் டெட்ரிஸ் ஆடியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது: வாரக்கணக்கில் பழகிய பிறகு ஸ்கோர் பல மடங்கு ஏறியது, மூளை செலவழித்த குளுக்கோஸ் குறைந்தது. ஆகவே இந்த கேமின் முதல் ஒன்றிரண்டு வாரம்தான் அதிகமாகக் கசியும். இருட்டில் கட்டை விழுகிறதே என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. புதிய வேலையை மூளை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க நாற்று நட்டவருக்கும், தறியில் உட்கார்ந்தவருக்கும் படுத்ததும் அதே காட்சி ஓடும்.

இதில் பரவலாக நிலவும் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். டெட்ரிஸ் ஆடினால் பெட்டி அடுக்குவதிலும், பஸ் டிக்கியில் சாமான் ஏற்றுவதிலும், கணக்கிலும் கெட்டிக்காரத்தனம் வரும் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வலெரி சிம்ஸும் ரிச்சர்ட் மேயரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் டெட்ரிஸ் கட்டைகளையும் அதுபோன்ற வடிவங்களையும் மனசுக்குள் திருப்புவதில்தான் முந்தினார்கள். மற்ற இடஞ்சார்ந்த சோதனைகளில் முந்தவில்லை. புதியவர்கள் 12 மணி நேரம் ஆடியும், ஆடாதவர்களைவிட மேலே போகவில்லை. அலமாரியைப் பார்த்ததும் டெட்ரிஸ் தெரிவது வேறு, அலமாரியை நன்றாக அடுக்குவது வேறு. கசிவது காட்சி, திறமை அந்த அளவுக்குக் கசிவதில்லை. பிள்ளையின் மூளை வளரட்டும் என்று இதை வாங்கிக் கொடுக்க நினைக்கிறவர்கள் அந்தக் காரணத்தை விட்டுவிட்டு, நல்ல விளையாட்டு என்ற காரணத்துக்காக வாங்கலாம்.

இன்னொரு ஆய்வு ஆட்டத்துக்கே உதவும். டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994-இல் கவனித்தது: ஆடுகிறவர்கள் கட்டையைத் தேவைக்கு அதிகமாகத் திருப்புகிறார்கள். தடுமாற்றத்தால் இல்லை. மனசுக்குள் திருப்பிப் பார்ப்பதைவிடத் திரையில் திருப்பிப் பார்ப்பது வேகம் என்பதால். அதனால் கட்டை மேலே தோன்றிய கணமே ஒருமுறை திருப்பிவிடுங்கள். எங்கே பொருந்தும் என்பதைக் கண் சொல்லிவிடும். இந்த கேமில் அந்தத் திருப்பலும் பாட்டில் ஒரு சுரமாகச் சேரும்.

இந்தக் கசிவால் ஒரு நன்மை

மனதின் காட்சிப் பலகையை டெட்ரிஸ் இவ்வளவு முழுசாகப் பிடித்துக்கொள்வதால், வேண்டாத காட்சி ஏறாமல் தடுக்கவும் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் குழு 2009-இல் 40 பேருக்குக் கோரமான காட்சிகள் கொண்ட படத்தைக் காட்டி, அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேரை 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தது. அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் திடீரென்று மனசில் எழுவது குறைவாக இருந்தது. 2010-இல் டெட்ரிஸுக்குப் பதில் வினாடி வினா கொடுத்துப் பார்த்தபோது அந்த நன்மை கிடைக்கவில்லை. பிறகு சாலை விபத்தில் சிக்கி ஆறு மணி நேரத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவில், அவர்களில் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் எழுந்த கொடுங்காட்சிகள், ஆடாதவர்களைவிட 62 சதவீதம் குறைவாக இருந்தன.

இங்கே கவனம் தேவை. அந்தச் சோதனையில் வெறுமனே கேமை நீட்டவில்லை. விபத்தின் மோசமான கணத்தைச் சற்று நினைவுகூரச் செய்து, கட்டையை மனசுக்குள் எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொடுத்து, அதன் பிறகே ஆடவைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் பழைய, சாதாரண டெட்ரிஸ். பாட்டும் ஒளித்துகளும் கொட்டும் டெட்ரிஸ் எஃபெக்டில் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதிர்ச்சிக்கு ஆளானவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டளவில் செய்து பார்க்கக்கூடியது வேறொன்று. பிளிமத் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 31 மாணவர்களில் 15 பேர் ஏழு நாட்கள் தங்கள் அன்றாட வேலைக்கு நடுவே மூன்று நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள். சாப்பாடு, காபி, சிகரெட் போன்றவற்றின் மீது எழுந்த ஆசையின் வலு 70 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக இறங்கியது. ஆசை என்பது பெரும்பாலும் மனசில் எழும் படம். அந்தப் படம் இருக்கும் இடத்தைக் கட்டைகள் எடுத்துக்கொள்கின்றன. மூன்று நிமிட ஆட்டத்துக்கு இந்த கேமில் ‘அல்ட்ரா’ முறை இருக்கிறது. நாலு மணிக்குப் பஜ்ஜி நினைப்பு வந்தால் ஸ்விட்சில் ஒரு அல்ட்ரா ஆடிப் பார்க்கலாம்.

எந்த முறை, எந்த வேளை

ஜர்னி தவிர, தனியாக ஆடும் மற்ற முறைகளெல்லாம் ‘எஃபெக்ட் மோட்’ பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை அணைத்த பிறகு என்ன ஆகும் என்ற கோணத்தில் பார்க்க வேண்டும்.

‘சில் மாரத்தான்’ 150 வரி ஆட்டம். உச்சியைத் தொட்டாலும் முடியாது. பலகை துடைக்கப்பட்டுத் தொடரும். தோல்வி இல்லாததால் நெஞ்சு படபடப்பதில்லை. இரவில் ஆடித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இதுவே பொருத்தம். கடல், காற்று, உலகம் என்று நிலைகளைத் தொகுத்த ‘பிளேலிஸ்ட்’ முறைகளும் இதே வகை.

40 வரியை எவ்வளவு சீக்கிரம் அழிக்கிறோம் என்று பார்க்கும் ‘ஸ்பிரின்ட்’, மூன்று நிமிட ‘அல்ட்ரா’ இரண்டும் பகலுக்கு உரியவை. குறுகிய ஆட்டம் என்பதால் கெடுதல் இல்லை என்று நினைக்க வேண்டாம். ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று இருபது முறை ஆடவைப்பவை இவைதான். அடுத்த ஆட்டத்தில் இரண்டு நொடி குறைத்துவிடலாம் என்ற கணக்கு படுக்கை வரை வரும். ‘மாஸ்டர்’ முறையில் கட்டை தோன்றியதுமே அடித்தளத்தில் இருக்கும். அடுக்கின் மேல் சறுக்கித்தான் இடம் சேர்க்க வேண்டும். நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் அடுக்கினால்தான் கட்டை ஓரம் வரை போகும். பள்ளமாக அடுக்கினால் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். இரவு ஒன்பதுக்கு மேல் இந்த முறையைத் தொட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான பரிந்துரை.

‘பியூரிஃபை’, ‘கவுன்ட்டவுன்’, ‘டார்கெட்’ எல்லாம் டெட்ரிஸை வேறு புதிராக மாற்றுகின்றன. கவுன்ட்டவுனில் குறித்த இடத்தில் நீளக் குச்சி தானாக வந்து விழும். அந்த வரிசையைத் திறந்து வைத்திருப்பதுதான் வேலை. கிணறு விட்டு அடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ‘மிஸ்டரி’ முறையில் பலகை தலைகீழாகும், ராட்சதக் கட்டை வரும். ஓரிரு முறைக்கு வேடிக்கை.

பலர் சேர்ந்து ஆடும் ‘கனெக்டட்’ முறையில் மூன்று பேர் கணினி எதிராளியை எதிர்கொள்கிறார்கள். ஸோன் நேரத்தில் மூன்று பலகைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே பெரிய பலகையாகும். மூவரும் மாறி மாறிக் கட்டை வைப்பார்கள். ஒருவர் விட்ட ஓட்டையை மற்றவர் அடைக்கும் அந்தக் கணம் தனி அனுபவம். ‘கிளாசிக் ஸ்கோர் அட்டாக்’ இதற்கு நேர் எதிர்: கட்டையை ஒதுக்கும் வசதி கிடையாது, ஒரே அழுத்தில் இறக்க முடியாது, எண்பதுகளின் விதி. பிரிக் கேம் கைகளுக்கு இது தாய்வீடு.

கருவியும் அமைப்பும்

முதல் எதிரி தாமதம். பட்டனை அழுத்தியதும் வர வேண்டிய ஒலி ப்ளூடூத் ஹெட்செட்டில் பிந்தி வரும். வேறு கேமில் இது தெரியாமல் போகலாம். இங்கே கைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவே அறுந்துவிடும். வயர் உள்ள ஹெட்போனைக் கன்ட்ரோலரிலோ கருவியிலோ நேராகச் செருகுங்கள். டிவியில் ஆடுவதானால் கேம் மோடை இயக்குங்கள். படத்தை மெருகேற்றும் மற்ற அமைப்புகள் எல்லாம் தாமதத்தைக் கூட்டும்.

இரண்டாவது, திசைப் பட்டன். கட்டையை நகர்த்த அனலாக் ஸ்டிக்கைவிடத் திசைப் பட்டன் நல்லது. மேல்திசையை அழுத்தினால் கட்டை ஒரே அடியாக விழும் என்பதால், பக்கவாட்டில் போகும்போது விரல் சற்று மேலே பட்டாலும் கட்டை தவறான இடத்தில் உட்கார்ந்துவிடும். அனலாக் ஸ்டிக்கில் இது அடிக்கடி நடக்கும். ஸ்விட்சின் ஜாய்கானில் தனித்தனி பட்டன்களாக இருப்பதால் விரைவு ஆட்டத்தில் விரல் தாவ வேண்டும்; ப்ரோ கன்ட்ரோலர் இருந்தால் அதை எடுங்கள். கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பட்டனைக் குத்தாமல், அழுத்திப் பிடித்து ஓரத்துக்கு ஓடவிட்டு, அங்கிருந்து ஒரு கட்டம் திரும்பி வருவதைப் பழகுங்கள். அழுத்தங்களின் எண்ணிக்கையே குறையும்.

மூன்றாவது, ஒளி. வரி அழியும்போது துகள்கள் கொட்டும், திரை பளிச்சிடும். ஒளி பளிச்சிட்டால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிப்பில் துகள்களின் அளவைக் குறைக்க அமைப்பு இருக்கிறது. பழைய கிராபிக்ஸ் கார்டில் திணறினாலும் முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான். கேமராவை அருகே இழுத்துப் பலகையைப் பெரிதாக்கினால் பின்னணி கவனத்தைக் கலைப்பதும் குறையும்.

விஆர் ஹெட்செட்டில் ஆடினால் அனுபவம் வேறு தளம். பலகை அசையாமல் நிற்பதால் மற்ற விஆர் கேம்களைப் போலத் தலை சுற்றுவது குறைவு. ஆனால் கசிவு இதில்தான் மிக அதிகம். சுற்றிலும் வேறெதுவும் தெரியாத இருட்டில் அந்தப் பலகை மட்டும் நிற்கிறது. கழற்றியதும் வண்டிச் சாவியை எடுக்காதீர்கள். அரை மணி நேரமாவது எழுந்து நடங்கள், தொலைவில் இருப்பதைப் பாருங்கள். போக்குவரத்தில் இரண்டு லாரிக்கு நடுவே தெரியும் இடைவெளி, நிரப்ப வேண்டிய இடமாகத் தோன்றக் கூடாது.

தூக்கத்துக்குக் கணக்கு

படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துவது நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில் ஃபோன் திரையைத் தேய்ப்பதைவிட, பேசுவது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது போன்ற வேலைகள் கட்டைகளைச் சீக்கிரம் கலைக்கும். ஆட்டத்தைத் தோல்வியில் நிறுத்தாமல், ஜர்னியில் ஒரு நிலை முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். அரைகுறையாக விட்டது நெடுநேரம் மனசில் ஓடும். படுத்த பிறகும் கட்டைகள் விழுந்தால் அவற்றை அடுக்கப் பார்க்க வேண்டாம். அடுக்கத் தொடங்கினால் அது இன்னொரு ஆட்டம். விழுவதை விழவிட்டால் தூக்கம் முந்திக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மேலும் தூக்கம் கெட்டால் நாலைந்து நாள் கேமைத் தொடாமல் இருங்கள். பகலில் வேலைக்கு நடுவே தொல்லை தரும் அளவுக்குக் காட்சிகள் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

குறைகள்

ஜர்னி முறை சிறியது. பழகிய கைகள் ஒரே மாலையில் முடித்துவிடும். கடைசி நிலையான ‘மெட்டமார்ஃபோசிஸ்’ அதுவரை வந்த எதற்கும் பொருந்தாத வேகத்தில் பாய்கிறது. நிதானமாக ரசித்து வந்தவரைச் சுவரில் மோதவிடுகிறது. அங்கே சிக்கியவர்கள் ஸோன் மீட்டரை முந்தைய பகுதியில் செலவழிக்காமல் நிரப்பி எடுத்துச் செல்ல வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் ‘பிகினர்’ அளவில் தாண்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடல் வரிகளை உணர்ச்சிப் பெருக்கோடு எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு நெஞ்சு நெகிழும், சிலருக்கு மூன்றாவது முறை சலிக்கும். ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது துகள்களின் கூர்மை குறைகிறது, ஆட்டம் கெடவில்லை.

விலை சாதாரண டெட்ரிஸ் செயலிகளைவிடப் பல மடங்கு. கட்டை அடுக்கினால் போதும் என்பவருக்கு ஃபோனில் இலவசமாகவே கிடைக்கிறது. அலெக்ஸேய் பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் எலெக்ட்ரோனிகா 60 கணினியில் இதை எழுதியபோது படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளைக் கோத்துத்தான் கட்டை செய்தார். அதுவே ஆடியவர்களை விடாமல் பிடித்துக்கொண்டது. பாட்டுக்கும் கைக்கும் இடையே உருவாகும் உறவுக்காகத்தான் இந்தக் காசு.

ஒரே பதிப்புதான் வாங்க முடியும் என்றால்: ஹெட்செட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விஆரில் ஆடக்கூடிய பதிப்பை எடுக்கலாம், இதற்காக மட்டும் ஹெட்செட் வாங்க வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் ஆடுகிறவர்களுக்கு ஸ்விட்ச். மற்றவர்களுக்கு ஸ்டீம் பதிப்போடு, திசைப் பட்டன் நன்றாக அழுந்தும் கன்ட்ரோலர் ஒன்று. ஸ்டீமில் தள்ளுபடி நாட்களில் விலை இறங்கும். முதல் ஆட்டத்தை விடுமுறை நாள் காலையில், வயர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜர்னியின் முதல் நிலையான கடலடியில் தொடங்குங்கள்.